விட்டுக் கொடுத்த செட்டுகள்

ஏனுங் சார், கொஞ்சம் காலை நகத்திக்கிறீங்களா? இந்தப் பையை உள்ள தள்ளிக்கறேன். மேல வெக்க இடமில்லீங்க, ஆளாளுக்கு வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்திருக்காங்க. இல்லீங்க, கிடாரெல்லாம் இல்லை. டென்னிஸ் ராக்கெட்டு. மூணு இருக்குது உள்ள.

என்னுதான்னு கேக்கறீங்களா? உங்க பார்வை எங்க போகுதுன்னு தெரியுதுங்க, என்ற தொப்பையத்தானே பாக்கறீங்க. நானும் ஆடுவேன், அது வேற கதை. ஆனா இந்தப் பை எங்க வீட்டம்மாவோடது. அதோ, நாலு வரிசை முன்னால, ஜன்னலோரம், பச்சைச் சுடிதார், பொஸ்தகம் படிக்கிறா பாருங்க, அவதான். பேரு கோகிலவாணி. நாப்பத்தெட்டு வயசு. நாளைக்குக் காலைல மெட்ராசுல நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கற பொம்பளைங்களுக்கு மாநிலப் போட்டி. அதுல ஆடப் போறா. முட்டில ஆபரேசன் பண்ணி, பதினாலு மாசம் கழிச்சு மறுபடியும் ஆடப் போறா.

ரயில்ல சீட்டு பக்கத்துல பக்கத்துலதானுங்க கெடைச்சுது. அவதான் யாரோ ஒரு அம்மாகிட்டப் பேசி மாத்திக்கிட்டுப் போயிட்டா. "மாமா, நீங்க பக்கத்துல இருந்தா சென்னை வரைக்கும் என்ற முட்டியவே பாத்துட்டு வருவீங்க. எனக்கு ஒரு பக்கம் படிக்க முடியாது"ன்னுட்டா. பாருங்க, அக்கறையா இருந்தாலும் குத்தம்.

நான் நாச்சிமுத்துங்க. கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் பம்ப்செட்டு உதிரி சாமான் கடை. அவ காலேஜுல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறா. காலேஜுல படிக்கிறப்பவே யுனிவர்சிட்டிக்கு ஆடுனவ. எனக்குக் கல்யாணத்துக்கு முந்தி டென்னிஸ்னா என்னன்னே தெரியாதுங்க. பொண்ணு பாக்கப் போனப்ப ஷோகேஸு நிறையக் கோப்பை. எங்க பெரியப்பா "இத்தனை டம்ளர் எதுக்குங்க"ன்னு கேட்டுப்போட்டாரு. கல்யாணம் ஆனதும் நானும் கத்துக்கிட்டேன். வேற வழி? சாயங்காலம் ஆனா அவ கிளப்புக்குப் போயிருவா, நான் ஒத்தையில உக்காந்து டிவி பாக்கணும். ஒரு ரெண்டு வருசத்துல ஓரளவு நல்லாவே ஆடப் பழகிட்டேனுங்க. நல்லாவேன்னா, எங்க மார்க்கர் ஆறுச்சாமியே சொல்லியிருக்கான். மார்க்கர்னா கிளப்புல கோடு போடறது, தண்ணி தெளிக்கிறது, ஆள் வரலைன்னா மெம்பருங்ககூட நின்னு ஆடறது, எல்லாம் அவன்தான். "அண்ணா, உங்க ஆட்டம் யாருக்கும் வராது"ன்னு சொல்லியிருக்கான். நாலு பேர் முன்னாலயே சொன்னான்.

நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் மிக்ஸட் டபுள்ஸ் ஆடுவோம். ஒரே பக்கம் புருசனும் பொண்டாட்டியும், எதுத்தாப்புல இன்னொரு சோடி. சொல்றனுங்க சார், குடும்பம் நடத்தறதைவிட அது கஷ்டம். குடும்பத்துலயாவது கதவைச் சாத்திக்கிட்டுச் சண்டை போடலாம்.

போன வருசம் பொங்கல் கழிச்சு கிளப்புல போட்டி. செமி பைனல். அவ முன்னால வலைக்கிட்ட நிக்கறா, நான் பின்னால. எதிராளி என்ன பண்ணுனான், அவ தலைக்கு மேல பந்தை உசரமாத் தூக்கிப் போட்டான். அந்த மாதிரி நேரத்துல பின்னால நிக்கறவன்தான் கத்திச் சொல்லணும். ஓடு, விடு, எதாச்சும் ஒண்ணு. முன்னால இருக்கறவளுக்குப் பந்து எங்க விழும்னு தெரியாதில்லீங்களா? எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. பந்து வெளிய போகுது. விட்டாப் போதும், பாயிண்ட் எங்களுக்கு.

நான் 'போகுது'ன்னு கத்தறதுக்குத்தான் சார் வாயைத் தொறந்தேன்.

'போ' வந்துச்சு. 'குது' வரலை.

நெசமாத்தானுங்க. அதுக்கு முந்துன பந்துக்கு ஓடுனதுல மூச்சு வாங்கிருச்சு. 'போ'ன்னு பாதியோட நின்னுருச்சு. அவ என்ன நெனைச்சா, புருசன் 'போ'ங்கறான், போன்னா ஓடுன்னுதானே அர்த்தம்? திரும்பி ஒரே ஓட்டம். கோட்டுக்கிட்டப் போயி காலை ஊணித் திரும்புனா பாருங்க, டப்புன்னு ஒரு சத்தம். எனக்கே கேட்டுச்சு. அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. முட்டிக்குள்ள இருக்கற ஜவ்வு கிழிஞ்சுருச்சு.

பந்து ஒரு முழம் வெளியதானுங்க விழுந்துச்சு. பாயிண்ட் எங்களுக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் கார்ல நான் சொல்லிக்கிட்டே வந்தேன். "அம்மிணி, நான் போகுதுன்னுதான் சொன்னேன்"னு. அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சரிங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க"ன்னா. டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவரு "எப்படி அடிபட்டுச்சு"ன்னு கேட்டாரு, நான் "போகுதுன்னுதான் டாக்டர் சொன்னேன்"னேன். அவரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. மாமியார்கிட்டச் சொன்னேன், பக்கத்து வீட்டுல சொன்னேன், அமெரிக்காவுல இருக்கற பொண்ணுகிட்ட வீடியோவுல சொன்னேன். பொண்ணு கேக்கறா, "அப்பா, அம்மா எதுவுமே சொல்லலையே, நீங்க ஏன் சொல்லிக்கிட்டே இருக்கீங்க"ன்னு. அதுக்கு லொள்ளு சாஸ்தி.

ஆபரேசன் ஆச்சு. பொறவு பிசியோதெரபி. ஜெசிந்தான்னு ஒரு மேடம், நல்ல பொம்பளை, ஆனா கண்டிப்பு. முட்டிய மடக்கணும். முதல்ல நாப்பது டிகிரி, பொறவு அறுபது, பொறவு தொண்ணூறு. இவ வலில மூஞ்சிய சுருக்கறப்பெல்லாம் நான் 'ஐயோ'ம்பேன். என்ற வாயி சும்மா இருக்காது. மூணாம் நாளு அந்த மேடம், "சார், பேசண்டைவிட நீங்க சத்தமாக் கத்தறீங்க, வெளிய உக்காருங்க"ன்னுட்டாங்க. அடுத்த நாலு மாசம் நான் வெளிய வராந்தாவுலதானுங்க. அங்க ஒரு மீன்தொட்டி இருந்துச்சு. பதினேழு மீனு. ஒவ்வொண்ணையும் எனக்கு அடையாளம் தெரியும்.

அஞ்சாவது மாசம் ராக்கெட்டைக் கையில எடுத்தா. ஓடக்கூடாது, நின்ன எடத்துல நின்னு சுவத்துல அடிக்கலாம்னு உத்தரவு. எங்க காம்பவுண்டு சுவத்துல டொக்கு டொக்குன்னு காலைல அரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரரு மொதல்ல கதவைத் தொறந்து மொறைச்சாரு, பொறவு பழகிட்டாரு. ஒரு நா இவ காலேஜு வேலையா வெளியூர் போயிட்டா, "என்னங்க, இன்னைக்கு எனக்கு முழிப்பே வரலை"ங்கறாரு.

ஏழாவது மாசம் கிளப்பு. நான் கையால பந்தை எடுத்து மெதுவாப் போடுவேன், அவ அடிப்பா. ரெண்டடி இந்தப் பக்கம், ரெண்டடி அந்தப் பக்கம். அப்பறம் பாதிக் கோர்ட்டு. அப்பறம் முழுக் கோர்ட்டு, ஆனா பாயிண்ட் இல்லாம. ஒம்பதாவது மாசம் ஜெசிந்தா மேடம் சொன்னாங்க, "இனி செட் ஆடலாம்"னு. ஆறு கேம் எடுத்தா ஒரு செட்டுங்க, அவ்வளவுதான் கணக்கு. மொத செட்டு யாரு கூட ஆடணும்? வேற யாரு, நான்தான்.

அங்கதானுங்க நான் ஒரு முடிவு பண்ணுனேன். யாருகிட்டயும் சொல்லலை. விட்டுக் குடுத்தறதுன்னு.

அவளுக்குத் தெகிரியம் வரணுமில்லீங்களா? ஆபரேசன் பண்ணுன கால், மனசுல பயம். இதுல புருசன்காரன் ஆறுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சு என்ன கிரீடமா வெக்கப் போறாங்க? ஆனா விட்டுக் குடுக்கறதுன்னா லேசுன்னு நெனைச்சுராதீங்க சார். அது தனிக் கலைங்க. பந்தை வலையில அடிக்கணும், ஆனா வலையில அடிக்கோணும்னு அடிச்ச மாதிரி இருக்கக் கூடாது. வெளிய அடிக்கணும், ஆனா ரொம்ப வெளிய போகக் கூடாது. 'அடடா'ன்னு சொல்லணும், ஆனா ரொம்பச் சந்தோசமாச் சொல்லிறக் கூடாது. மொத செட்டு ஆறுக்கு நாலுன்னு அவளை ஜெயிக்க வெச்சேன். அவ தண்ணி குடிச்சா, துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைச்சா. எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு நிம்மதி.

அதுக்கப்பறம் வாரத்துல மூணு நாளு ஆடுவோம். எல்லாம் விட்டுக் குடுத்தேன். பத்தாவது மாசம் ஆறுக்கு மூணு. பதினோராவது மாசம் ஆறுக்கு ரெண்டு. ஒரு நா ஆறுக்கு ஒண்ணு. கொஞ்சம் கொஞ்சமா சாஸ்தியா விட்டுக் குடுத்தா அவளுக்கு முன்னேறற மாதிரி தெரியுமில்லீங்களா, அந்த ரோசனைதான். அந்த நேரத்துல எனக்கும் மூச்சு கொஞ்சம் சாஸ்தி வாங்குச்சு. பனிக் காலம் வேற. ஆறுச்சாமி தினமும் கேப்பான். "என்னுங்ண்ணா, இன்னைக்கும் விட்டுக் குடுத்துட்டீங்களா?" "ஆமாடா." "பெரிய மனசுங்ண்ணா உங்களுக்கு. இன்னைக்கு ரொம்ப வேர்த்து வேர்த்து விட்டுக் குடுத்தீங்க"ம்பான். கிளப்புல அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போச்சு. நான் போனாலே "வாங்க வள்ளலே"ம்பாங்க. ஒருத்தரு மோரு வாங்கித் தருவாரு. நல்ல சனங்க.

டீ வருது பாருங்க. குடிக்கிறீங்களா? ஏம்பா, ரெண்டு குடு. சக்கரை போட்டதா? பரவால்ல குடு. அவ அந்தப் பக்கம்தான் பாத்துட்டிருக்கா.

எங்க விட்டேன்? ஆ, விட்டுக் குடுத்தேன்.

பன்னெண்டாவது மாசம் ஒரு நா ஆட்டம் முடிஞ்சு கார்ல வரோம். அவ கேட்டா. "மாமா, நீங்க வேணும்னே தோக்கறீங்களா?" "சேச்சே, என்ன அம்மிணி இப்படிக் கேட்டுப்போட்டே"ன்னேன். அவ சொல்றா, "நெசமாத் தப்பு பண்ணுனா நீங்க ராக்கெட்டைப் பாப்பீங்க. வேணும்னு தப்பு பண்ணுனா என்னையப் பாப்பீங்க." இருபத்தஞ்சு வருசம் கூட வாழ்ந்தவகிட்ட என்னத்த மறைக்க? "இனிமேப் பண்ணாதீங்க"ன்னா. "சரி"ன்னேன்.

சரின்னு சொல்லிட்டு மறுபடியும் அதையேதானுங்க பண்ணுனேன். என்ன, இந்த வாட்டி ராக்கெட்டைப் பாத்துக்கிட்டேன்.

கண்டுபிடிச்சுட்டா. எப்படின்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஒரு பேச்சில்லை, சண்டையில்லை, என்கூட ஆடறதையே நிறுத்திட்டா. காலைல ஆறு மணிக்கு ஆறுச்சாமிகூட நின்னு அடிப்பா. அதுவும் பாயிண்ட் வெச்சு இல்லை, சும்மா பந்து அடிச்சுப் பழகறது. அவனும் மெம்பரம்மான்னு கொஞ்சம் பாத்துத்தானே அடிப்பான்? நான் கிளப்புல ஓரமா பெஞ்சுல உக்காந்திருப்பேன். மறுபடியும் மீன்தொட்டிதான் போங்க, ஆனா இங்க மீனுகூட இல்லை.

அப்பத்தான் இந்த மாநிலப் போட்டிக்கு நோட்டீஸ் வந்துச்சு. பேர் குடுக்க இன்னும் எட்டு நாளுதான். நான் பாரத்தைப் பிரிண்ட் எடுத்துட்டு வந்து டேபிள் மேல வெச்சேன். வெச்சது வெச்ச எடத்துலயே கெடக்குது. ரெண்டு நாளாச்சு, மூணு நாளாச்சு. நாலாவது நா அவ அடுப்படியில வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தா. போயி நின்னேன். "பேர் குடுக்கலையா அம்மிணி?"

அவ திரும்பலை. "எதை நம்பிக் குடுக்கறதுங்க? இத்தனை மாசமா ஆடறேன். நான் எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு எனக்கே தெரியலை. அளந்து சொல்ல வேண்டிய ஆளு நீங்க. காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரே 'உனக்கு ஒண்ணுமில்லை கண்ணு'ன்னு தாஜா பண்ணுனா நான் யாரை நம்பறது?"

கத்தியைக் கீழ வெச்சுட்டுத் திரும்புனா.

"நீங்க எனக்கு விட்டுக் குடுக்கலை மாமா. அந்த ஒரு 'போ'வுக்காகக் குனிஞ்சு குனிஞ்சு நிக்கறீங்க. நான் ஒரு நாளாச்சும் உங்களைக் குத்தம் சொன்னனா? சொல்லுங்க. நீங்களா ஊரெல்லாம் போயி 'போகுதுன்னுதான் சொன்னேன்'னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்க. எனக்கு அடிபட்டது முட்டி. உங்களுக்கு எங்க அடிபட்டுச்சுன்னுதான் எனக்குத் தெரியலை."

சொல்லிட்டுக் கண்ணைத் தொடைச்சா. வெங்காயம்னு சொல்லலாம். ஆனா வெங்காயம் இல்லைங்க. எனக்கும்தான் கண்ணு கலங்கிருச்சு, நான் வெங்காயமே அரியலை.

கடைசியா ஒண்ணு சொன்னா. "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு செட்டு. நெசமா ஆடுங்க. ஆறுக்குச் சைபர்னு தோத்தாலும் சரி, நான் தாங்குவேன். அது நெசம்னு எனக்குப் பட்டா பேர் குடுக்கறேன். அதுலயும் நடிச்சீங்கன்னா ராக்கெட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். அப்பறம் கெமிஸ்ட்ரி போதும் எனக்கு." சும்மா மெரட்டறவ இல்லைங்க அவ. சொன்னாச் சொன்னதுதான்.

என்ற நெலமையைப் பாருங்க சார். நெசமா ஆடுனா நான் ஜெயிச்சுருவேன், அவ மனசு ஒடைஞ்சு போயிரும். நடிச்சாக் கண்டுபிடிச்சுருவா, அதோட டென்னிஸே போச்சு. சனிக்கிழமை பூரா கடையில ஒக்காந்து இதே ரோசனை. ஒருத்தரு வந்து வால்வு கேட்டாரு, நான் வாசர் குடுத்தனுப்பிச்சுட்டேன். கடைசில ஒரு முடிவுக்கு வந்தேன். ஜெயிச்சுருவோம். மனசு ஒடைஞ்சாப் பேசித் தேத்திக்கலாம். அவ கேக்கறது நெசத்தை, அதைக் குடுத்துருவோம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி. கோர்ட்டுக்கு ஆறுச்சாமி தண்ணி தெளிச்சு வெச்சிருந்தான். எங்க கிளப்புல செம்மண்ணு கோர்ட்டுங்க. பந்து விழுந்தா மண்ணுல அச்சு பதியும். அதனால சண்டை வந்தா அந்த அச்சைப் போயி பாத்துக்கலாம். எங்க கிளப்புல ஒரு பழக்கம், யாருக்குச் சந்தேகமோ அவங்க வலையைச் சுத்தி வந்து பாக்கலாம். பாத்துட்டு ஒத்துக்கிட்டா காலால அச்சை அழிச்சுருவாங்க. அழிச்சுட்டாப் பேச்சு முடிஞ்சுது.

நெசமா ஆடுனேன் சார். என்ற அம்மா மேல சத்தியம். ஒரு பந்தைக்கூட விடலை. மூணுக்கு ஒண்ணுன்னு நான்தான் முன்னால. அவ மூஞ்சிய நான் பாக்கவே இல்லை. பாத்தா எளகிருவேன்.

அப்ப ஒரு பந்து. அவ வலைக்கிட்ட வந்துட்டா. எனக்கு அடிக்கறதுக்கு ஒரே வழிதான், அவ தலைக்கு மேல தூக்கிப் போடறது. தூக்கிப் போட்டா அவ திரும்பி ஓடணும். அதே மாதிரி, அதே மூலைக்கு. அத்தனை மாசத்துல ஒரு வாட்டிகூட நான் அந்தப் பந்தை அவளுக்குப் போட்டதில்லைங்க. நெசமா ஆடறேன்னு சொன்னேனில்ல? போட்டேன். போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன்.

டப்புன்னு ஒரு சத்தம். கண்ணைத் தொறந்தா, அது ராக்கெட்டுல பட்ட சத்தமுங்க. பந்து என்னையத் தாண்டிப் போயி ஓரத்துல விழுந்துச்சு. அவ அந்த மூலைல நிக்கறா. ரெண்டு காலும் தரையில இருக்குது. நிக்கறா சார்! ஆறுச்சாமி கோடு போடற டப்பாவைக் கீழ போட்டுட்டுக் கை தட்டறான். எனக்குக் கை தட்டணும்னு தோணுச்சு, அழுகணும்னு தோணுச்சு. ஆனா அவ "பாயிண்ட் எனக்கு. அடுத்தது போடுங்க"ன்னு கத்தறா.

அதோட போச்சுங்க. மூணுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு. நான் ஓடறேன், ஓடறேன், பந்து நான் போற எடத்துல இல்லை. நாலுக்கு நாலு. அஞ்சுக்கு நாலு, அவளுக்கு. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. இது என்னடா, நெசமாவே தோத்துருவமாட்ட இருக்குதே! அதுவரைக்கும் அந்த நெனப்பே எனக்கு வந்ததில்லைங்க. அதுக்கு மேல அவ காலும் நெனப்பில்லை, ஆபரேசனும் நெனப்பில்லை, பேர் குடுக்கற பாரமும் நெனப்பில்லை. தோக்கக் கூடாது. அது ஒண்ணுதான் மண்டையில. பொண்டாட்டியா எதுத்தாப்புல நிக்கறா? எதிராளிங்க! பரம எதிராளி!

கடைசிப் பாயிண்ட். அதை எடுத்தா செட்டு அவளுக்கு. அவ ஓரமா ஒரு பந்தை அடிச்சா, பின் கோட்டுக்குப் போச்சு. நான் எட்டிப் பாத்தேன், எட்டலை. பந்து கோட்டுக்கு ரெண்டு விரக்கடை உள்ள விழுந்துச்சு. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். செம்மண்ணுல அச்சு, வட்டமா, சுத்தமா, உள்ள.

"அவுட்டு!"ன்னு கத்திப்போட்டேன்.

நான் கத்தலீங்க. வாயி கத்திருச்சு. இத்தனை வருசத்துல யாரு கூட ஆடுனாலும் நான் பொய் அவுட்டு சொன்னதில்லை சார். கிளப்புல கேட்டுப் பாருங்க. வேற எதுல வேணா கிண்டல் பண்ணுவாங்க, கோட்டு விசயத்துல நாச்சிமுத்து சுத்தம்பாங்க. அப்படியாப்பட்ட மனுசன், கட்டுன பொண்டாட்டிகிட்ட, ஆபரேசன் பண்ணுன காலோட ஆடறவகிட்ட, பச்சைப் பொய்யி சொல்லிட்டு நிக்கறேன். காதெல்லாம் சுடுது. திருப்பி வாங்கிக்கலாம்னா நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது.

அவ ராக்கெட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, வலையைச் சுத்தி, மெதுவா நடந்து என்ற பக்கம் வந்தா. ஆறுச்சாமி கழுத்தை நீட்டிப் பாக்கறான். வந்து குனிஞ்சு அந்த அச்சைப் பாத்தா. நல்லாப் பாத்தா. அப்பறம் நிமுந்து என்னையப் பாத்தா. நான் வானத்தைப் பாத்தேன்.

சிரிக்க ஆரம்பிச்சா சார். மெதுவா ஆரம்பிச்சு, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. அத்தனை மாசத்துல அவ சிரிக்காமலா இருந்தா? டிவி பாத்துச் சிரிச்சா, பொண்ணுகிட்டப் பேசிச் சிரிச்சா. ஆனா இந்தச் சிரிப்பை நான் அந்த ஆபரேசனுக்கு அப்பறம் கேக்கவே இல்லைங்க. நான் நின்னுக்கிட்டே இருக்கேன், அவ சிரிச்சுக்கிட்டே காலை நீட்டி, ஆபரேசன் பண்ணுன அதே காலை நீட்டி, அந்த அச்சைத் தேச்சு அழிச்சுட்டா.

"அவுட்டுதானுங்க"ன்னா. "ஆடலாம் வாங்க."

பாயிண்ட் சமமாயிட்டா வரிசையா ரெண்டு எடுக்கணுமுங்க. திரும்பிப் போயி, அந்த ரெண்டு பாயிண்ட்டையும் எடுத்தா. ரெண்டுமே என்ற கைக்கு எட்டலை. ஆறுக்கு நாலு.

வலைக்கிட்டப் போயி கை குடுக்கணுமில்லீங்களா. போனேன். மூச்சு வாங்குது. "அம்மிணி, நான் விட்டுக் குடுக்கலை"ன்னேன். அதை எப்படி நம்புவா, நானும் எத்தனை வாட்டி பொய் சொல்லியிருக்கேன்! "சத்தியமா விட்டுக் குடுக்கலை"ன்னு மறுபடியும் சொன்னேன்.

அவ என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. "தெரியுமுங்க மாமா. விட்டுக் குடுக்கற மனுசன் பொய் அவுட்டு சொல்லுவானா?"

நான் அழுதுட்டேன் சார். அம்பத்தி மூணு வயசுல, டவுசர் போட்டுக்கிட்டு, கிளப்புல நடுக் கோர்ட்டுல நின்னு அழுதேன். நல்லது பண்றேன் நல்லது பண்றேன்னு ஒரு வருசமா நான் பண்ணுனது ஒண்ணுகூட அவளுக்கு ஒதவலை. ஒரே ஒரு திருட்டுத்தனம் பண்ணுனேன், ஆளு எந்திரிச்சு நின்னுட்டா. ஆறுச்சாமி ஓடி வந்து, "அழுகாதீங்ண்ணா, அடுத்த வாட்டி ஜெயிச்சுக்கலாம்"ங்கறான். அவனுக்கென்ன தெரியும். அன்னைக்கே வீட்டுக்கு வந்து, குளிக்கக்கூட இல்லை, அந்தப் பாரத்தை நிரப்பிட்டா.

என்ன சார் சிரிக்கறீங்க? நீங்களும் அந்த ஆறுச்சாமி மாதிரியே சிரிக்கறீங்களே. ஒண்ணு தெளிவாச் சொல்லிப்போடறேன். அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தி தோத்தேன் பாருங்க, ஆறுக்கு ரெண்டு, ஆறுக்கு ஒண்ணு, அதெல்லாம் நான் விட்டுக் குடுத்ததுதான். அதுல மாத்தமே இல்லை. ஆனா அதுக்குப் பொறவு பதினோரு செட்டு ஆடியாச்சு. பதினொண்ணும் தோத்தாச்சு. அதுல ஒண்ணுகூட, ஒரு பாயிண்ட்டுகூட, நான் விட்டுக் குடுத்ததில்லைங்க. முழு பலத்தையும் போட்டுத்தான் தோத்தேன். வேணும்னா அவளையே கேட்டுப் பாருங்க, அதோ எந்திரிச்சு இந்தப் பக்கம்தான் வாரா.